காயலான் கடையில் பிங்க் ஃபிலாய்ட்

பழைய இசைத்தட்டுச் சந்தையில் ராக் தட்டுகள் கிடைக்கின்றன. ஹிப் ஹாப் தட்டுகளை வலைவீசித் தேட வேண்டியிருக்கிறது. காரணத்தைத் தேடிப் போனால் கொல்கத்தாவின் ஒரு தொழிற்சாலையில் போய் முடிகிறது.

கொல்கத்தாவின் அந்தத் தெருவுக்கு மிர்சா காலிப்பின் பெயரைச் சூட்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் நகரவாசிகளுக்கு அது இன்னமும் ஃப்ரீ ஸ்கூல் தெருதான். பார்க் தெருவிலிருந்து திரும்பி நடந்தால் பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே சில இசைத்தட்டுக் கடைகள். ஒருவர் உள்ளே நின்றால் அடுத்தவர் வெளியே காத்திருக்க வேண்டிய அளவுக்குச் சின்னவை. கைக்கு எட்டும் வரிசைகளில் ஹேமந்த முகர்ஜியும் ஆர்.டி. பர்மனும். அவர்களைத் தாண்டினால் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பிங்க் ஃபிலாய்ட், டீப் பர்ப்பிள். எல்லாமே ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் சுழன்றவை. பழைய சொந்தக்காரரின் பெயர் அட்டையின் மூலையில் பேனாவில் எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் பிறந்தநாள் வாழ்த்தும் இருக்கும்.

அதே கடையில் ஹிப் ஹாப் கேட்டால் கடைக்காரர் மைக்கேல் ஜாக்சனை எடுத்து நீட்டவே வாய்ப்பு அதிகம். ரன் டிஎம்சி, பப்ளிக் எனிமி, என்.டபிள்யூ.ஏ. போன்ற பெயர்கள் அந்த அலமாரிகளில் அபூர்வம். மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவிலும், டெல்லி ஜும்மா மசூதியை ஒட்டிய மீனா பஜாரிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. இத்தனைக்கும் இன்றைய இந்திய இளைஞர்களிடம் ராக்கைவிட ஹிப் ஹாப்புக்குத்தான் மவுசு அதிகம். 2019ல் வெளியான 'கல்லி பாய்' படம் மும்பைக் குடிசைப் பகுதியின் ராப் பாடகர்களை நாடு முழுவதும் கொண்டு சென்றது.

ஆக, ரசனை இதற்குக் காரணமல்ல. பழைய பொருள் சந்தையில் கிடைக்க வேண்டுமானால் அது முதலில் புதிய பொருளாக விற்கப்பட்டிருக்க வேண்டும். ராக் தட்டுகள் இந்தியாவில் அச்சிடப்பட்டன. ஹிப் ஹாப் வந்து சேர்ந்தபோது அச்சு எந்திரங்கள் ஓய்வெடுக்கத் தொடங்கியிருந்தன.

தம்தம் தந்தவை

இந்தியாவில் இசைத்தட்டின் வரலாறு 1902ல் தொடங்குகிறது. லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் அந்த ஆண்டு கல்கத்தா வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். அப்போதெல்லாம் பதிவு இங்கே, தட்டு அச்சாவது வெளிநாட்டில். 1908ல் கல்கத்தாவின் சியால்தா பகுதியில் தொழிற்சாலை வந்தது. பிறகு அது விமான நிலையத்துக்குப் பெயர்போன தம்தம்முக்கு இடம்பெயர்ந்தது. ஹெச்.எம்.வி. முத்திரையின் நாயும் குழாயும் பல தலைமுறைக்கு அங்கிருந்துதான் புறப்பட்டன.

தம்தம் ஆலை இந்தி, வங்காளம், தமிழ் என்று எல்லா மொழிப் பாடல்களையும் அச்சிட்டது. கூடவே, தாய் நிறுவனமான இ.எம்.ஐ.யின் ஆங்கிலத் தட்டுகளையும் அச்சிட்டது. அந்நியச் செலாவணிக்கும் இறக்குமதிக்கும் கெடுபிடி இருந்த காலம் அது. வெளிநாட்டுத் தட்டைக் கடையில் வாங்குவது குதிரைக் கொம்பு. எனவே லண்டனில் வெளியான பீட்டில்ஸ் ஆல்பம் இந்திய ரசிகனின் கைக்கு வர, அது தம்தம்மில் அச்சாக வேண்டியிருந்தது. இந்திய அச்சுகள் பலவற்றுக்கு மூல அச்சுத் தகடுகள் பிரிட்டனிலிருந்தே வந்தன. அதனால் ஒலியின் தரத்தில் அவை லண்டன் தட்டுக்கு அதிகம் சளைத்தவையல்ல. அட்டைகள்தான் மெலிந்தன. அங்கே புத்தகம்போல் விரியும் உறை இங்கே பல சமயம் ஒற்றை அட்டையாகச் சுருங்கியது. உள்ளே வர வேண்டிய சுவரொட்டியும் பாடல் வரித் தாளும் காணாமல் போயின. இந்தச் சின்ன வேறுபாடுகளே இன்று இந்திய அச்சை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடிவரக் காரணமாகிவிட்டன.

இந்தத் தொடர்பு ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. 1968 ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய் ஹெச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்திய வாத்தியக்காரர்களோடு வேலை செய்தார். 'தி இன்னர் லைட்' என்ற பீட்டில்ஸ் பாட்டின் வாத்திய இசை அங்கே பதிவானதுதான். சொந்தமாக ராக் வாசித்த இந்தியக் குழுக்களும் இருந்தன. ஒரு சிகரெட் பிராண்டின் ஆதரவில் நடந்த 'சிம்லா பீட்' போட்டிகளில் பல நகரங்களின் இளைஞர் குழுக்கள் கலந்துகொண்டன. 1970, 1971ஆம் ஆண்டுகளின் பெயரில் அவை இரண்டு எல்.பி.களாக வந்தன. அன்று விளம்பரச் சரக்காகப் பார்க்கப்பட்ட இந்தத் தட்டுகள் இன்று கையில் சிக்கினால் சேகரிப்பாளர்களுக்குப் புதையல்.

எழுபதுகளில் பாலிடார் நிறுவனமும் எண்பதுகளின் தொடக்கத்தில் சி.பி.எஸ். நிறுவனமும் இந்தியச் சந்தையில் போட்டிக்கு நின்றன. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' இந்தியத் தட்டாகக் கடைகளுக்கு வந்தது. பழைய தட்டுக் கடைகளில் ஜாக்சன் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதன் ரகசியம் அதுதான். எங்கே எது அச்சானதோ அதுதான் முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து அங்கே நடைபாதைக்கு வருகிறது.

கேசட் வந்தது, தட்டு போனது

தட்டுக்கு எமனாக வந்தது கேசட். எண்பதுகளில் டி சீரிஸ் போன்ற நிறுவனங்கள் தட்டின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கேசட்டைக் கொடுத்தன. தேநீர்க் கடையிலும் லாரியிலும் அது பாடியது. நகலெடுப்பதும் சுலபம். தட்டு வியாபாரம் பணக்காரர்களின் பொழுதுபோக்காகச் சுருங்கியது. தொண்ணூறுகளின் முதல் பாதியோடு இந்தியாவில் புதிய தட்டு அச்சிடுவது ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

ஹிப் ஹாப் இந்தியாவுக்குள் நுழைந்ததும் அதே நேரத்தில். 1991ல் ஸ்டார் டி.வி. வழியாக எம்.டி.வி. வீட்டுக் கூடத்துக்கு வந்தது. எம்.சி. ஹாமரும் வனிலா ஐஸும் இந்தியச் சிறுவர்களுக்கு அறிமுகமானார்கள். 1992ல் பாபா சேகல் 'தண்டா தண்டா பானி' என்று பாடினார். வனிலா ஐஸின் 'ஐஸ் ஐஸ் பேபி'யின் சாயலில் வந்த பாட்டு அது. அந்தப் பாட்டோ 1981ல் குவீன் குழுவும் டேவிட் போவியும் சேர்ந்து தந்த 'அண்டர் பிரஷர்' என்ற ராக் பாட்டின் அடித்தளத்தில் கட்டப்பட்டது. 1994ல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்தபோது ராப் என்ற சொல் தமிழ்நாட்டுப் பட்டிதொட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் இந்த அலையை இந்தியா கேட்டது பெரும்பாலும் கேசட்டில். அந்தக் கேசட்டுகளின் நாடா பூஞ்சை பிடித்துப் போயிற்று. பழைய தட்டுக் கடைக்காரரிடம் ஹிப் ஹாப் இல்லாததன் காரணம் இதுதான். இன்று இங்கே கண்ணில் படும் பழைய ஹிப் ஹாப் தட்டுகளில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் பெட்டியில் வந்தவை, அல்லது டி.ஜே.க்கள் தொழிலுக்காக வரவழைத்தவை.

பழைய தட்டில் பிறந்த இசை

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹிப் ஹாப் பிறந்ததே பழைய தட்டுகளிலிருந்து.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் ஒரு விருந்து. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன் தட்டுகளை ஓட்டினான். கூல் ஹெர்க் என்ற பெயரில் பிரபலமான அவன் ஒன்றைக் கவனித்திருந்தான். பாட்டு நின்று வெறும் தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் வெறிகொண்டு ஆடுகிறது. ஆகவே ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்தான். ஒன்றில் தாளம் முடியும்போது மற்றதில் அதையே மீண்டும் தொடங்கினான். சில விநாடித் தாளம் சில நிமிடங்களுக்கு நீண்டது. ஹிப் ஹாப்பின் அஸ்திவாரம் அதுதான்.

இதற்கு வேண்டியது பாடகரோ வாத்தியமோ அல்ல, யாரிடமும் இல்லாத தட்டு. போட்டியாளர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத் தட்டுகளின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவது ஹெர்க்கின் வழக்கம். 1980களின் பின்பாதியில் ஒலித்துண்டுகளைச் சேமித்து மீண்டும் இசைக்கும் சாம்ப்ளர் எந்திரங்கள் வந்ததும் தேடல் இன்னும் தீவிரமானது. பழைய ஃபங்க், சோல், ஜாஸ், ராக் தட்டுகளுக்காகக் கிடங்குகளைக் கிளறுவது இசையமைப்பாளரின் அன்றாட வேலையானது. 1996ல் வந்த டி.ஜே. ஷேடோவின் 'எண்ட்ரொடியூசிங்' ஆல்பத்தின் அட்டைப் படமே ஒரு பழைய தட்டுக் கடைதான்.

கிளறியவர்களுக்குப் புகழ் கிடைத்தது. கிளறப்பட்டவர்களின் கதி வேறு. 1969ல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு 'ஆமென் பிரதர்' என்ற பாட்டை வெளியிட்டது. அதில் கிரெகரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம்ஸ் ஆயிரக்கணக்கான பாடல்களில் எடுத்தாளப்பட்டது. கோல்மனுக்கு அதிலிருந்து காசு எதுவும் வரவில்லை. 2006ல் அவர் வறுமையில் இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015ல் ரசிகர்கள் உண்டியல் குலுக்கி 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். அதுவரை வந்தது பூஜ்யம்.

1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் இந்தத் தாராளத்துக்குக் கடிவாளம் போட்டது. பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் அனுமதி இல்லாமல் கில்பர்ட் ஓ சல்லிவனின் பாட்டைப் பயன்படுத்தியது தவறு என்றது தீர்ப்பு. அதன் பிறகு பிரபலமான பாட்டிலிருந்து ஒரு துண்டு எடுப்பதற்கும் பெரும் தொகை தேவைப்பட்டது. தேடுபவர்களின் கண் அதிகம் பேர் அறியாத தட்டுகளின் பக்கமும் தொலைதூர நாடுகளின் பக்கமும் திரும்பியது. இந்தியா அதில் ஒன்று.

நம் குப்பையில் அவர்கள் மாணிக்கம்

2002ல் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற பாடகியின் 'அடிக்டிவ்' அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்றது. பின்னணியில் ஒலித்தது லதா மங்கேஷ்கரின் குரல். 1981ல் வந்த 'ஜோதி' என்ற இந்திப் படத்துக்காக பப்பி லாஹிரி அமைத்த பாட்டு அது. யாரிடமும் அனுமதி பெறவில்லை. 'சரிகம' என்று பெயர் மாறியிருந்த பழைய கிராமபோன் கம்பெனி 50 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2003 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் பப்பி லாஹிரியின் பெயரைப் போடாமல் தட்டை விற்கக் கூடாது என்று தடை விதித்தது.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. பிளாக் ஐட் பீஸ் குழு 2005ல் வெளியிட்ட 'டோன்ட் ஃபங்க் வித் மை ஹார்ட்' பாட்டில் கல்யாண்ஜி ஆனந்த்ஜியின் இசை ஒலித்தது. அதே குழுவின் 2003 ஆல்பத்தில் 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துக்கு இளையராஜா தந்த இசையின் துண்டு இருக்கிறது. இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த எம்.ஐ.ஏ. 2007ல் 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' பாட்டை எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு மேட்லிப் என்ற கலிபோர்னிய இசையமைப்பாளர் பழைய இந்தியத் தட்டுகளின் துண்டுகளைக் கொண்டே ஒரு முழு ஆல்பம் செய்து 'இன் இந்தியா' என்று பெயர் வைத்தார்.

இவற்றையெல்லாம் விடச் சுவையான கதை சரண்ஜித் சிங்குடையது. பம்பாய் சினிமா இசைக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த அவர் 1982ல் சிந்தசைசரும் தாள எந்திரமும் மட்டும் வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். கிராமபோன் கம்பெனி வெளியிட்ட அந்தத் தட்டு விலை போகவில்லை. 2002ல் டெல்லிக் கடை ஒன்றில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சேகரிப்பாளரின் கண்ணில் அது பட்டது. கேட்டுப் பார்த்தவர் திகைத்தார். சில ஆண்டுகள் கழித்து சிகாகோவில் உருவான 'ஆசிட் ஹவுஸ்' இசையின் ஒலி அதில் முன்கூட்டியே இருந்தது. 2010ல் மறுவெளியீடு வந்தது. எழுபது வயதில் சரண்ஜித் சிங் வெளிநாட்டு மேடைகளில் வாசிக்கப் போனார். அந்த ஒரு பிரதி எடைக்குப் போயிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

அடுத்த சரண்ஜித் சிங் யார் வீட்டுப் பரணில் இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. பழைய தட்டு வியாபாரத்தில் பணயமாக இருப்பது இதுதான்.

வாங்கும் கலை

முதல் முறை கடைக்குப் போகிறவர் அட்டையைப் பார்த்து மயங்குகிறார். அனுபவசாலி முதலில் தட்டை வெளியே எடுக்கிறார். காரணம் எளிது: உள்ளே வேறு தட்டு இருக்கலாம். பலமுறை கைமாறிய சரக்கில் பீட்டில்ஸ் உறைக்குள் பஜனைப் பாடல் இருப்பது அதிசயமல்ல.

அடுத்து, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். விரல் வரிகளில் படாமல் விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட வேண்டும். ஒரு எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே வரிதான். நீட்டிப் போட்டால் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளும் அந்த வரியில் ஒலி பொறிக்கப்பட்டிருக்கிறது. முடிபோன்ற மேலோட்டமான கீறல்கள் பெரும்பாலும் கேட்காது. நகத்தால் மெல்ல வருடும்போது தட்டுப்படும் கீறல் நிச்சயம் கேட்கும். எல்.பி. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுழல்கிறது. எனவே குறுக்கே விழுந்த கீறல் 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

கீறலைவிட ஆபத்தானது தேய்மானம். இந்தியாவில் பல வீடுகளில் ஓடியது ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற கையடக்கப் பெட்டிகள். இன்றைய நல்ல ஊசி பெரும்பாலும் இரண்டு கிராம் அளவில்தான் அழுத்துகிறது. அந்தக் காலப் பெட்டிகளின் ஊசி அதைப்போல் இரு மடங்கும் அதற்கு மேலும் அழுத்தியது. தேய்ந்த ஊசியை மாற்றாமல் ஓட்டியவர்களும் ஏராளம். அப்படிப்பட்ட தட்டு பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். கழுவினாலும் திரும்பாது. நடுத் துளையைச் சுற்றி லேபிளில் கோடுகள் நிறைய இருந்தால் தட்டு அதிகம் ஓடியது என்று அர்த்தம். துளை சுத்தமாக இருந்தால் நல்ல அறிகுறி.

ராக்குக்கும் ஹிப் ஹாப்புக்கும் சோதனை வேறு. பிங்க் ஃபிலாய்ட் போன்றவர்களின் தட்டில் மெதுவான, ஏறக்குறைய நிசப்தமான பகுதிகள் உண்டு. சின்னத் தூசியும் அங்கே பட்டாசாய் வெடிக்கும். கடையில் டர்ன்டேபிள் இருந்தால் அந்த இடத்தைத்தான் ஓட்டிக் கேட்க வேண்டும். ஹிப் ஹாப் தட்டு டி.ஜே.யின் கையில் பாடுபட்டது. பாட்டின் தொடக்கத்தில் ஊசியை முன்னும் பின்னும் தேய்த்துத் தயார் செய்வது அவர்கள் வழக்கம். அதனால் முதல் சில விநாடிகளில் 'உஸ்' என்ற இரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிடும். மற்றபடி தட்டு நன்றாகவே இருக்கலாம். எனவே இங்கே தொடக்கத்தைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஹிப் ஹாப்பில் போலிகளும் அதிகம். தொண்ணூறுகளில் அமெரிக்க நிறுவனங்கள் குறுந்தகடுக்கு மாறிவிட்டதால் பல நல்ல ஆல்பங்களின் தட்டுகள் குறைவாகவே அச்சாயின. பின்னாளில் கிராக்கி ஏறியதும் திருட்டு அச்சுகள் கிளம்பின. மங்கலான அட்டைப் படம், லேபிளில் எழுத்துப் பிழை, நிறுவனத்தின் முகவரி இல்லாமை ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை. லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் பொறிக்கப்பட்ட எண்ணே தட்டின் உண்மையான ஜாதகம். 2000ல் தொடங்கிய 'டிஸ்காக்ஸ்' என்ற தரவுத் தளத்தில் அந்த எண்ணை ஒப்பிட்டால் எந்த நாட்டின், எந்த ஆண்டின் அச்சு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தட்டு எந்த விலைக்குக் கைமாறியிருக்கிறது என்பதும் தெரியும்.

தரக் குறியீடுகளை அகராதிப்படி நம்புவதும் தவறு. வெளிநாட்டு விற்பனையாளர் 'குட்' என்று குறித்தால் தட்டு உண்மையில் மோசம். 'வெரி குட்' என்றால் இரைச்சலோடு கேட்கலாம். 'வெரி குட் பிளஸ்' என்பதிலிருந்துதான் நிம்மதியாக வாங்கலாம். நடைபாதை வியாபாரியிடம் இந்தக் குறியீடுகள் கிடையாது. அங்கே பேரம்தான் சட்டம். ஆசைப்பட்ட தட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தால் விலை ஏறும். வேண்டாத நாலு தட்டுகளோடு சேர்த்து அலட்சியமாகக் கேட்பவருக்குத்தான் நியாயமான விலை கிடைக்கிறது. புதிய இறக்குமதித் தட்டு ஒன்றை இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் குறைவாக வாங்குவது இன்று சிரமம். பழைய இந்திய அச்சு, பிரபலமில்லாத பாடகருடையது என்றால் சில நூறு ரூபாய்க்கே படியலாம். பீட்டில்ஸ் என்றால் கடைக்காரருக்கும் விலை தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் குளியல் அவசியம். வங்காளத்தின் ஈரக் காற்றில் வளர்ந்த பூஞ்சையும் டெல்லியின் புழுதியும் ஊசியைக் கெடுக்கும். பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரும் மென்மையான துணியும் போதும். லேபிள் நனையக் கூடாது. 78 சுற்று வேகத்தில் ஓடும் பழைய அரக்குத் தட்டுகளில் மட்டும் ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ படவே கூடாது. அரக்கு கரைந்துவிடும். தட்டுகளைப் புத்தகம்போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலோ வெயில் படும் ஜன்னலோரம் வைத்தாலோ அப்பளம்போல் வளைந்துவிடும்.

மூடிய கடைகளும் திறந்த ஆலையும்

பார்க் தெருவில் குளிர்சாதன வசதியோடு குறுந்தகடு விற்ற 'மியூசிக் வேர்ல்ட்' 2013ல் மூடப்பட்டது. மும்பை காலா கோடாவின் 'ரிதம் ஹவுஸ்' 2016ல் கதவடைத்தது. அதே பார்க் தெருவின் பக்கத்துச் சந்தில் பழைய தட்டு வியாபாரம் பிழைத்துக் கிடக்கிறது. சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1985ல் மூர் மார்க்கெட் எரிந்து சாம்பலான பிறகும் பழைய புத்தகமும் பழைய தட்டும் விற்றவர்கள் பக்கத்து வளாகத்தில் கடை விரித்தார்கள்.

உலகச் சந்தையும் திரும்பியிருக்கிறது. அமெரிக்காவில் 2022ல் சுமார் 4.1 கோடி தட்டுகள் விற்றன. குறுந்தகடு 3.3 கோடிதான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு முந்தியது அதுவே முதல் முறை. இந்திய நிறுவனங்கள் பல ஆண்டுகள் தட்டுகளை வெளிநாட்டில் அச்சிட்டு வரவழைத்தன. 2024 ஆகஸ்டில் மும்பையில் புதிய அச்சு ஆலை ஒன்று திறக்கப்பட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இந்தியாவில் மீண்டும் தட்டு அச்சாகிறது. இங்கே அச்சாகும் ஹிப் ஹாப் தட்டுகள் பழைய தட்டுக் கடையை எட்ட இன்னொரு தலைமுறை ஆகும்.

பழைய தட்டுகளுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. தம்தம் அச்சிட்டது அச்சிட்டதுதான். எண்ணிக்கை இனிக் கூடாது. பெரியவர் இறந்ததும் வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகள், தட்டுப்பெட்டியைச் செய்தித்தாளோடு சேர்த்துத் தராசில் வைக்கிறார்கள். கபாடிவாலாவுக்கு அட்டை காகிதம், தட்டு பிளாஸ்டிக். நல்லவற்றில் ஒரு பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது. கீறல் விழுந்தவை சூடாக்கி வளைக்கப்பட்டு அலங்காரக் கிண்ணமாகவும் சுவர்க் கடிகாரமாகவும் மாறுகின்றன.

பழைய திரைப்பாடல்களுக்கும் சாஸ்திரிய சங்கீதத்துக்கும் குரல் கொடுக்க ஆள் உண்டு. 1990ல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கம் அந்தத் திசையில் பெரும் பணி செய்திருக்கிறது. கல்லூரி ராக் குழுக்களின் தட்டுகளுக்கும் தாள எந்திரச் சோதனைகளுக்கும் அப்படி வரிந்து கட்டுபவர்கள் குறைவு. கடைக்குப் போய்க் கிளறி, காசு கொடுத்து, கழுவி, நிமிர்த்தி வைப்பவர்தான் அவற்றுக்குக் காப்பாளர். பரணில் பெட்டி வைத்திருப்பவர் அதைத் தராசுக்கு அனுப்புவதற்கு முன் ஊரில் உள்ள ஒரு பழைய தட்டு வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. எடைக்குப் போனால் கிடைப்பதைவிடக் காசும் கூடுதலாகவே வரும்.